பெலாச்சானும் நம் சமையல்தான்

“இது அசல் தமிழ்ச் சமையல் இல்லை.” மலேசியத் தமிழர் யாராவது சமையல் காணொளி போட்டால், கீழே இப்படி ஒரு கருத்து வந்துவிடுகிறது. சம்பலில் பெலாச்சான் சேர்த்தது குற்றம், தோசைக்கு டால்ச்சா ஊற்றியது குற்றம், ரசச்சோற்றுக்குப் பக்கத்தில் கிச்சாப்பில் பிரட்டிய கோழியை வைத்தது பெருங்குற்றம்! எழுதுபவர்கள் எல்லாரும் தமிழகத்தார் என்றில்லை. நம் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

அசல் என்றால் எந்த ஆண்டோடு கணக்கை நிறுத்துவது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக் காய். 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது கடல் கடந்தது. இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துகீசியர்; 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர். அதுவரை தமிழர் வீட்டுக் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் அந்த மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்றார்கள். புளியமரத்தின் தாயகமோ ஆப்பிரிக்கா. இவை இரண்டையும் எடுத்துவிட்டால் சாம்பாரில் என்ன மிஞ்சும்? தக்காளியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதுவும் அமெரிக்கக் கண்டத்ததுதான்.

கிச்சாப்பின் கதை இன்னும் வேடிக்கை. ஹொக்கியன் சீனர்கள் ஊறவைத்த மீன்சாற்றுக்குச் சொன்ன பெயர் அது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மலாயில் அது சோயா சாறாக நின்றது. ஆங்கிலேயர் வாயில் புகுந்து, பிறகு தக்காளியோடு சேர்ந்து, இன்று துரித உணவகத்தில் சிறு பொட்டலமாக நம்மிடமே வந்து நிற்கிறது.

நாம் கொடுத்ததும் உண்டு. கறி, அப்பம், புட்டு மூன்றும் மலாய்ச் சொற்களாகிவிட்டன. இடியப்பம் ‘புத்து மாயாம்’ ஆகி, தேங்காய்ப்பூவோடும் சிவப்புச் சர்க்கரையோடும் இரவுச் சந்தையில் விற்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சேர்ந்தே போயின. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ரொட்டியைப் பருப்பில் மூழ்கடித்து ‘பஞ்சிர்’ கேட்டு, மேலே ஒரு கரண்டி சம்பல் போடச் சொல்கிறோமே, அந்தத் தட்டில் தமிழ் எங்கே முடிகிறது, மலாய் எங்கே தொடங்குகிறது?

என் கவலை வேறு. தோட்டத்து லயங்களில் சமைத்துப் பழகிய பாட்டிமாரின் கைப்பக்குவம் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. பெலாச்சானை எவ்வளவு நேரம் வாட்டுவது, புளியை எப்போது கரைத்து ஊற்றுவது, எல்லாம் அவர்கள் கண்ணளவு. இணையத்தில் தமிழில் தேடினால் சென்னைச் சமையல்தான் வரிசையாக வருகிறது. நம்முடையதை நாமே ‘அசல் இல்லை’ என்று ஒதுக்கினால், அதை எழுதி வைக்க வேறு யார் வருவார்கள்?

பள்ளி விடுமுறையில் பத்துமலைப் பக்கமோ கிள்ளானிலோ பாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள், கைப்பேசியை ஒருநாள் அடுப்படியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அளவு கேட்டால் “ஒரு கை” என்பார்கள். அந்தக் கையில் இருப்பதைத் தராசில் கொட்டி, எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.