மனை வந்தது, பஸ் எப்போது வரும்?

புத்தலப்பட்டு கூட்டு ரோடு சித்தூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஒரு பக்கம் சித்தூர். ஒரு கிளை பீலேறு வழியாகக் கடப்பைக்குப் போகிறது. இன்னொரு கிளை திருப்பதிக்குப் போகிறது. அந்தத் திருப்பதி சாலை இப்போது ஆறு வழிச் சாலை.

சாலை அகலமானதும் இரு பக்கமும் உள்ள நிலத்தின் மேல் பலருடைய கண் விழுந்துவிட்டது. மாமரம் நின்ற இடத்தில் வண்ணம் பூசிய கல் முளைக்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் கொடி பறக்கிறது. "மனைகள் விற்பனைக்கு" என்று போர்டு தொங்குகிறது.

கல் நட ஒரு நாள் போதும். ஊர் உண்டாக ஒரு தலைமுறை வேண்டும். இதை மனை விற்கிறவர் சொல்வதில்லை. இலவசமாக மனை கொடுக்கும் அரசாங்கமும் சொல்வதில்லை.

ஏழைகளுக்கு மனை

ஏழைகள் எல்லோருக்கும் வீடு என்ற திட்டத்தை ஆந்திர அரசு 2020 டிசம்பர் 25-ந் தேதி தொடங்கியது. மூன்று நாள் கழித்து ஸ்ரீகாளஹஸ்தியை அடுத்த ஊரந்தூருக்கு அன்றைய முதல்-மந்திரி ஜெகன்மோகன் ரெட்டி நேரில் வந்து பட்டா வழங்கினார். மாநிலம் முழுவதும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மனை என்றும், அதற்காக 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய காலனிகள் என்றும் அறிவிக்கப்பட்டது.

பட்டா வீட்டுப் பெண்ணின் பெயரில் கொடுக்கப்பட்டது. இது பாராட்ட வேண்டிய காரியம். மாதம் பிறந்தால் வாடகைக்காரன் கதவைத் தட்டுவானே என்று பயந்து வாழ்ந்த ஒரு தாய்க்கு, தன் பெயர் எழுதிய காகிதம் கையில் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் மனையின் அளவு என்ன? நகரத்தாருக்கு ஒரு சென்ட். கிராமத்தாருக்கு ஒன்றரை சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். அதில் 340 சதுர அடிக்கு வீடு. மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு சைக்கிளை நிறுத்தலாம். ஒரு துணிக்கொடி கட்டலாம். வீடு கட்ட ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் உதவி.

இவ்வளவு சிறிய மனையில் வீடு கட்டக் கூடாது என்று 2021 அக்டோபரில் ஆந்திர ஐகோர்ட்டின் தனி நீதிபதி ஒருவர் நிறுத்தி வைத்தார். அந்த உத்தரவு பிறகு அப்பீலில் நீங்கியது. 2024-ல் ஆட்சி மாறியது. சந்திரபாபு நாயுடு அரசு, இனி கிராமத்தில் 3 சென்ட், நகரத்தில் 2 சென்ட் என்று அறிவித்தது. பாதியில் நின்ற வீடுகளை முடிக்க, பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் ரூ.50 ஆயிரம், பழங்குடியினருக்கு ரூ.75 ஆயிரம் கூடுதல் உதவி என்று 2025-ல் சொன்னது.

ஆக, இரண்டு ஆட்சியும் சென்ட் கணக்கைத்தான் பேசுகின்றன. ஒன்று போதாது, இரண்டு வேண்டும், மூன்று வேண்டும் என்பதே வாதம். மனை எங்கே இருக்கிறது என்பதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பஸ் கணக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளிகள் ஏராளம். ஓட்டலில் வேலை செய்கிறவர், கொத்து வேலைக்காரர், மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், துணிக்கடைச் சிப்பந்தி, கணக்கு எழுதுகிறவர் என்று பல தரப்பு. சிலர் இந்த மண்ணிலேயே பல தலைமுறையாக இருப்பவர்கள். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாவதற்கு முன் இந்தப் பகுதியில் பெரும்பாகம் வட ஆற்காட்டைச் சேர்ந்தது அல்லவா? மற்றவர்கள் வேலூர், திருவண்ணாமலை பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இப்படி ஒரு குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே தூரத்தில் மனை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை டவுனில். போக ஒரு தடவைக்கு ரூ.25 பஸ் செலவு என்று போடுங்கள். போகவர ரூ.50. மாதம் 26 நாள் வேலை என்றால் ரூ.1,300. வருஷத்துக்கு ரூ.15,600.

அரசு கொடுத்த ரூ.1 லட்சத்து 80 ஆயிரத்தைப் பதினொன்றரை ஆண்டில் பஸ் தின்றுவிடுகிறது. வீட்டில் அப்பாவும் மகனும் வேலைக்குப் போனால் ஆறு ஆண்டுகூடத் தாங்காது.

"வாடகை மிச்சமாகிறதே" என்று கேட்பார்கள். மிச்சம்தான். ஆனால் பஸ் செலவோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு ஆட்டோ. குழாயில் தண்ணீர் வராத நாளில் டேங்கர் லாரி. இரவு எட்டு மணிக்குக் கடை மூடிய பிறகு கடைசி பஸ் போய்விட்டால் டவுனிலேயே படுக்கை. சீசன் வேலைக்குக் காலை ஆறு மணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏழு மணிக்கு வந்து சேருகிறவளுக்கு அன்றைய கூலி இல்லை.

2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திரத்தில் சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் பஸ்களிலும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். அதனால் பெண்களுக்குப் பணக்கணக்கு குறைகிறது; நேரக்கணக்கு குறையவில்லை. பஸ் வராத காலனியில் இலவசப் பயணத்தால் என்ன லாபம்? பசித்தவனிடம் சாப்பாட்டு டோக்கனைக் கொடுத்துவிட்டு ஓட்டலைப் பூட்டியது போலத்தான்.

சென்னை கற்ற பாடம்

இது ஆந்திரத்துக்கு மட்டும் உள்ள குறை அல்ல. சென்னையில் கூவம், அடையாறு ஓரங்களில் இருந்த குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். சிமெண்ட் கூரை கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்கும் சந்தை வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலையை இழந்தார்கள். நடுவில் பள்ளியை விட்ட பிள்ளைகள் பலர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய பேட்டைக்கே திரும்பியவர்களும் உண்டு.

அதே சென்னையில் வேறு விதமாகவும் ஒரு காரியம் நடந்திருக்கிறது. 1977-ல் உலக வங்கிக் கடனுதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனைகள் போட்டார்கள். அன்று அவையும் ஊரின் ஓரம்தான். அங்கே மனையோடு சாலை, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் சேர்ந்து வந்தன. பெரிய மனையும் சிறிய மனையும் கலந்திருந்தன. பெரிய மனையை நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழையின் மனை விலையைக் குறைத்தார்கள். வில்லிவாக்கத்துக்கு ரெயில் இருந்தது; அம்பத்தூரில் தொழிற்பேட்டை இருந்தது.

வீடு மெதுவாகத்தான் எழும்பியது. முதலில் ஒரு அறை, பிறகு ஒரு மாடி என்று அவரவர் சம்பாத்தியத்துக்குத் தக்கபடி கட்டினார்கள். மெதுவாகப் போகிறது என்று உலக வங்கியே அந்த முறையில் ஆர்வம் இழந்தது. ஆனால் இருபது ஆண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், அவை நல்ல குடியிருப்புகளாக வளர்ந்துவிட்டதை 2018-ல் எழுதினார்கள்.

பாடம் என்ன? வீட்டை ஏழை எப்படியாவது கட்டிக்கொள்வான். சாலையையும், குழாயையும், ரெயிலையும் அவனால் கட்டிக்கொள்ள முடியாது. அரசு செய்ய வேண்டியது அதைத்தான்.

தண்டவாளம் இருக்கும் இடம்

சித்தூர் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. காட்பாடியிலிருந்து சித்தூர், புத்தலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ரெயில் பாதை போகிறது. இதுவரை ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகப் பாசஞ்சர் வண்டி வழியில் காத்துக் கிடக்கும் கதை, இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

இந்த 104 கிலோமீட்டர் பாதையை ரூ.1,332 கோடியில் இரட்டைப் பாதையாக்க மத்திய மந்திரிசபை 2025 ஏப்ரல் 9-ந் தேதி அனுமதி கொடுத்திருக்கிறது. இரட்டைப் பாதை வந்தால் வண்டிகளைக் கூட்டலாம். காலையில் வேலைக்குப் போகவும் இரவில் திரும்பவும் தோதான நேரத்தில் வண்டி விடலாம். மாதச் சீட்டு வாங்கினால் பஸ் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

அப்படியானால் அடுத்த காலனியை எங்கே போட வேண்டும்? ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அல்லவா? ஆனால் மனைக்கு நிலம் எடுக்கிறவர்கள் மலிவான நிலம் எங்கே என்று தேடுகிறார்கள். மலிவான நிலம் ஏன் மலிவாக இருக்கிறது? அங்கே போக வழி இல்லை. அல்லது மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. அரசுக்கு மிச்சமான பணம், குடியிருப்பவன் பையிலிருந்து தினமும் போய்க்கொண்டிருக்கும்.

தண்ணீர் நிற்கும் நிலத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் மழை காட்டிவிட்டது. திருப்பதி நகரத்தில் தெருக்கள் வெள்ளக்காடாயின. சுவர்ணமுகி பெருக்கெடுத்துத் திருச்சானூர் பக்கம் கரையோர வீடு ஆற்றில் சரிந்தது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கிராமங்களைக் காலி செய்தார்கள். ஏரி தன் இடத்தை மறப்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

அரசு மனைக்கு மனுப் போடுகிறவரும் சரி, சீட்டுப் பணத்தை எடுத்துத் தனியாரிடம் மனை வாங்குகிற குமாஸ்தாவும் சரி, கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

சர்வே எண் என்ன? அது ஏரிப் புறம்போக்கா, ஓடையா? பதிவு செய்யத் தடையுள்ள 22-ஏ பட்டியலில் இருக்கிறதா? ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலமா? அந்த நிலத்தை விற்கக் கூடாது என்று 1977-லேயே ஆந்திரத்தில் சட்டம் வந்தது. 2023-ல் அதைத் தளர்த்தி, ஒப்படைத்து 20 ஆண்டு ஆனவற்றுக்கு வழி செய்தார்கள். என்றாலும் விசாரிக்காமல் பணம் கொடுப்பது ஆபத்து. லே-அவுட்டுக்கு நகர வளர்ச்சி ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா? 'ரெரா' பதிவு எண் இருக்கிறதா? வில்லங்கச் சான்று எடுத்தாயிற்றா?

இத்தனையும் சரியாக இருந்தாலும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. காலை ஐந்து மணிக்கு ஒரு நாள் அந்த மனையில் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் புறப்பட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், கையிலிருந்து எவ்வளவு போனது என்று எழுதிக்கொள்ள வேண்டும். போர்டில் "பத்தே நிமிடம்" என்று போட்டிருப்பது கார்க்காரர் கணக்கு.

கிராம சபையில் இதைக் கேட்கத் தமிழர்கள் தயங்குகிறார்கள். தெலுங்கில் சரளமாகப் பேச வராதே என்ற கூச்சம் ஒரு காரணம். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரருக்கும் இதே கஷ்டம்தான். தண்ணீர் இல்லாத குழாய்க்கும் பஸ் இல்லாத சாலைக்கும் மொழி கிடையாது. இரண்டு மொழிக்காரரும் சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் கலெக்டர் ஆபீசில் அதற்கு மதிப்பு அதிகம்.

அந்த மனுவில் கேட்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. பட்டா கொடுக்கும் தேதிக்கு முன்னாலேயே அந்தக் காலனிக்கு எத்தனை பஸ், எந்த நேரத்தில் என்று அரசு அறிவிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் வந்த பிறகே வீடு கட்டச் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியும் ரேஷன் கடையும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். புதிய காலனிகளுக்கு ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் முதலில் நிலம் பார்க்க வேண்டும்.

இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று ஏலம் கேட்பது போல ஏற்றிக்கொண்டே போவதைவிட, வேலைக்குப் போகும் வழியைக் குறைப்பது ஏழைக்கு அதிக லாபம். இரட்டைத் தண்டவாளம் வருவதற்குள் அதையொட்டிய நிலமெல்லாம் தனியார் கல்லுக்கு அடியில் போய்விட்டால், பிறகு ஏழைக்கு மிஞ்சுவது ஏரிக்கரையும் மலையடிவாரமும்தான்.

சித்தூர் கலெக்டரும் திருப்பதி கலெக்டரும் இதை இப்போதே கவனிப்பார்களா?