ஆட்சி மாறும்போது கவிஞன் எங்கே நிற்க வேண்டும்?



கவிதையைப் பற்றி நம் இல்லங்களில் இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. மீலாது மேடையில் பாடப்படும் புகழ்ப்பாவோடு கவிதையின் வேலை முடிந்துவிடுகிறது என்பது ஒன்று. அரசியல் பேசும் கவிதை ஆபத்தானது, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது என்பது மற்றொன்று. முதல் எண்ணம் கவிதையைச் சிறிதாக்குகிறது. இரண்டாவது அச்சத்தில் பிறந்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கடலுக்கு அப்பால், நம் மொழியிலேயே எழுதிய ஒரு முஸ்லிம் கவிஞர் தம் கவிதை நூலுக்காக ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்தார். அவரைச் சிறையில் வைத்திருந்த ஆட்சி, அவர் பிணையில் வந்த சில மாதங்களில் மக்களின் பசியாலும் கோபத்தாலும் கவிழ்ந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், கவிதையைக் குறித்து நாம் எடுக்க வேண்டிய நிலைப்பாடு தெளிவாகும் என்று கருதுகிறேன்.

முதலில் நம் மார்க்கம் கவிதையை எங்கே வைத்திருக்கிறது என்று பார்ப்போம். திருக்குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷுஅரா’, அதாவது கவிஞர்கள். அதன் இறுதி வசனங்கள், மனம் போன போக்கில் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஆனால் கண்டிப்போடு அந்த அத்தியாயம் முடிந்துவிடவில்லை. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைத்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தங்களைக் காத்துக்கொண்டவர்களுக்கு அங்கே விலக்கு அளிக்கப்படுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தார்கள் என்பதும் நாம் அறிந்த செய்தியே. ஆக, மார்க்கம் கேட்பது ‘கவிதையா, இல்லையா’ என்ற கேள்வியை அல்ல. ‘உண்மையா, பொய்யா’ என்ற கேள்வியை. உண்மை பேசும் கவிதை ஒரு சாட்சியம். சாட்சியம் ஓர் அமானிதம். அதைக் கேட்டவர் முகம் பார்த்து மாற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சேந்தமங்கலத்தில் வாழும் நமக்கு அரசியல் கவிதை அந்நியமான பொருளும் அன்று. நம் மாவட்டத்து மோகனூரில் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை சென்றபோது, தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்தது அவர் எழுதிய பாடலைத்தான். உப்புக்கு வரி என்பது ஏழையின் உலையில் கை வைப்பது. அந்தப் பொருளாதாரக் கொடுமையை எளிய மனிதனின் நாவில் பாட்டாக்கியவர் நம் ஊர்ப் பக்கத்துக் கவிஞர். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். நாமக்கல்லின் பெயரை அவர் பெயரோடு சேர்த்தே தமிழுலகம் சொல்கிறது. எனவே, விலைவாசியையும் வரியையும் ஆட்சியையும் கவிதை பேசலாமா என்ற வினாவுக்கு நம் வட்டாரம் எப்போதோ விடை கூறிவிட்டது.

இனி இலங்கைக்கு வருவோம். அந்நாட்டு முஸ்லிம்கள் தமிழில் எழுதியவை போரின் நடுவே பிறந்தவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தக் கொடுமையைப் பற்றி இன்றளவும் பேசப்படும் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவர் கிழக்கிலங்கை முஸ்லிமான எம்.ஏ. நுஃமான். பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1990 அக்டோபரில், வடக்கு மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் தங்கள் ஊர்களைவிட்டு விரட்டப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறரது நூலகத்துக்காக அழுத சமூகம் தன் வீட்டுக்காகவும் அழ வேண்டியதாயிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனக்கு வந்த துன்பத்தை மட்டும் பாடுபவனை உலகம் ஒரு தரப்பின் ஆளாகவே பார்க்கும். பிறரது துன்பத்தையும் பாடியவனின் சொல்லையே சாட்சியமாக ஏற்கும்.

அந்த மரபில் வந்த இளைஞர் அஹ்னாப் ஜஸீம். மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையைச் சேர்ந்த ஆசிரியர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதை நூலை வெளியிட்டார். 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபின், அந்நாட்டு முஸ்லிம்கள் அனைவர் மீதும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. அச்சத்தின் அலையில் அவ்வாண்டு நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச அதிபரானார். 2020 மே 16 அன்று அஹ்னாப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அவரது கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்று குற்றம் சாட்டினார்கள். தமிழில் அந்நூலைப் படித்தவர்களோ, அது தீவிரவாதத்தையும் போரையும் வன்முறையையும் கண்டிக்கும் நூல் என்று எடுத்துக்காட்டினார்கள். 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. தன் சமூகத்தின் பெயரால் நடந்த வன்முறையை எதிர்த்து எழுதிய ஒருவர், அந்த வன்முறையின் பெயராலேயே சிறையில் இருந்தார்! கவிதையைச் சரியாகப் படிக்காதவர்கள் அதிகாரத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் சிறையிலிருந்த அந்த நாட்களில்தான், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அந்த அரசு எரித்தது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் கேட்கவில்லை. 20 நாள் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. மக்கள் கொழும்புப் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கஃபனை நினைவூட்டிய அந்தத் துணிகளில் எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும், அவை ஒரு கவிதையாகவே நின்றன. முஸ்லிம்கள் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் அவற்றைக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

ஒரு சமூகத்தை அழவைத்த ஆட்சி விரைவிலேயே நாடு முழுவதையும் அழவைத்தது. பெரும் வரிக்குறைப்பால் அரசின் வருவாய் சுருங்கியது. குண்டுவெடிப்பாலும் கொரோனாவாலும் சுற்றுலா படுத்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்ததால் விளைச்சல் வீழ்ந்தது. மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடும் நம் பகுதி உழவர்களுக்கு, அந்த ஓர் ஆணையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. எரிவாயு உருளைக்கும் எண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசை. தாள் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. தமிழகத்திலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவாகி, மே மாதத்தில் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நாடு இந்தியாவிலிருந்து முட்டையும் இறக்குமதி செய்தது. கோழிப்பண்ணைகளால் பிழைக்கும் நம் மாவட்டத்துக்கு அது ஒரு வணிகச் செய்தி. அங்கே அது பிள்ளைகளின் தட்டில் ஒரு முட்டை வைக்க முடியாத தாயின் செய்தி.

கொழும்பு காலிமுகத்திடலில் 2022 ஏப்ரல் 9 முதல் மக்கள் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். அது ரமலான் மாதம். அங்கே இஃப்தார் நடந்தது. பிற சமயத்தாரும் அதில் பங்குகொண்டார்கள். நூலகம் எழுந்தது, பாட்டும் நாடகமும் நடந்தன. தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 18 அன்று, போரின் இறுதியில் மாண்ட தமிழர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கேயே வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுப் போரால் பிரிந்தவர்கள் பசியால் ஒன்றானார்கள் என்று நம்பியவர்கள் பலர். ஜூலை 9 அன்று அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். கோத்தபாய நாட்டைவிட்டு வெளியேறி, ஜூலை 14 அன்று சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார்.

இங்கேதான் கவிஞனின் உண்மையான சோதனை தொடங்குகிறது. கொடுங்கோலன் வீழ்ந்த நாளில் பாடுவது எளிது. மறுநாள் என்ன பாடுவது? ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. 22ஆம் நாள் விடியுமுன் படையினர் காலிமுகத்திடலில் புகுந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். புதிய ஆட்சிக்கு வாழ்த்துப்பா எழுதியிருந்தால், அதன் மை உலர்வதற்குள் வெட்கப்பட நேர்ந்திருக்கும். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றார். பழைய அரசியல் குடும்பங்களைச் சாராத ஒருவர் அதிபரானதால் மக்கள் நம்பிக்கை கொண்டார்கள். அந்த நம்பிக்கை நியாயமானதே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்பதும் அவர் தரப்பின் வாக்குறுதி. ஆயினும் 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஒட்டுப்படம் ஒட்டினார் என்பதற்காக ஒரு முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். அதிபர் மாறினார், அஹ்னாபைச் சிறையிலடைத்த சட்டம் மாறவில்லை.

இதைக் கண்டு நம்பிக்கை வீண் என்று சொல்ல நான் வரவில்லை. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது நமக்கு ஆகுமானதும் அன்று. நான் சொல்வது இதுதான்: நம்பிக்கை வேறு, துதி வேறு. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற முதல் உரையில், தாம் உங்களில் சிறந்தவர் அல்லர் என்றும், நேராக நடந்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள் என்றும் மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஆட்சி மாற்றத்தில், தவறைச் சுட்டும் பொறுப்பை ஆட்சியாளரே குடிமக்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பொறுப்பைக் கைவிடாமல் இருப்பதுதான் நம்பிக்கை. ஆட்சியாளரிடம் எதையும் எதிர்பார்க்காதவன் அவரைத் திருத்த முனைய மாட்டான். சலித்து வாயை மூடிக்கொள்வான், அல்லது பரிசுக்காக வாயைத் திறப்பான்.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் தேவைப்படுகிறது. ஓர் உருதுக் கவிதையைப் பின்னணியாகக் கொண்ட காணொளிக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் காவல்துறை பதிந்த வழக்கை, 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் பதியுமுன் அந்தச் சொற்களின் பொருளை உணர்ந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அங்கே மன்னார்க் கவிஞர், இங்கே உருதுக் கவிதை. இரண்டிடத்திலும் குறை ஒன்றே: படிக்காமலேயே தீர்ப்புச் சொன்னது.

அந்தக் குறை காவல் நிலையங்களில் மட்டும் இல்லை. கைப்பேசியில் வந்த நான்கு வரியைப் பொருள் உணராமலேயே பத்துப் பேருக்கு அனுப்பும் நம்மிடமும் இருக்கிறது. கவிதையை அஞ்சும் பெற்றோர்க்கும், ஆவேசத்தையே கவிதை என்று எண்ணும் இளைஞர்க்கும் மருந்து ஒன்றுதான்: பொறுமையாகப் படிக்கும் பழக்கம். வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வீட்டில் ஒரு கவிதையை உரக்கப் படியுங்கள். இன்குலாபையும் நுஃமானையும் பிள்ளைகள் அறியட்டும். படித்த கவிதை யாருடைய கண்ணீரைப் பார்க்கிறது, யாருடையதைப் பார்க்க மறுக்கிறது என்று கேளுங்கள். நம் தரப்பின் தவறு அதில் இடம்பெறுகிறதா என்றும் கேளுங்கள். நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கும் நம் பெற்றோர்க்கும் எதிராக இருந்தாலும் நிலைத்து நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் நமக்கு இட்ட கட்டளை அல்லவா?

பிறகு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். தொலைதூரப் போரை மட்டுமன்று. சம்பளம் வராத விசைத்தறித் தொழிலாளியை, நெடுஞ்சாலையில் ஈத் தொழுகையைத் தவறவிட்ட லாரி ஓட்டுநரை, கடன்சீட்டுக்கு அஞ்சி விளக்கணைக்கும் அண்டை வீட்டு அம்மாவை எழுதட்டும். அந்த அம்மா எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் எழுதட்டும். ஆட்சிகள் மாறும், அதிபர்களும் முதல்வர்களும் வருவார்கள், போவார்கள். நேற்றைய ஆட்சியிடம் கேட்ட கேள்வியை இன்றைய ஆட்சியிடமும் தயங்காமல் கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் வளர வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.