லின்ஸ் பிரயாணம்

ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரையிலுள்ள லின்ஸ் நகரில், 1979-ம் ஆண்டு தோன்றிய 'ஆர்ஸ் எலெக்ட்ரானிகா' என்னும் கம்ப்யூட்டர்க் கலைவிழா இப்போது வருஷந்தோறும் செப்டம்பரில் நடைபெறுகிறது. நமது இளம் நண்பர் ஒருவர் அதற்குப் பிரயாண ஏற்பாடு செய்து வருகிறார். அவர் கம்ப்யூட்டரில் தீட்டிய சலனச் சித்திரம் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு! ஆனாலும், சித்திரத்தின் பக்கத்தில் நின்று நாலு பேரிடம் எடுத்துரைத்தால் அல்லவா கலைஞனுக்கு அடுத்த வழி பிறக்கும்? ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். பாங்குக் கணக்கும் காட்டவேண்டும். மனுக் கட்டணம் 2024-ம் ஆண்டு முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. ஆகவே விமானச் சீட்டுக்கு இன்னும் பணம் கட்டாமல் காத்திருக்கிறார். அவருடைய தாயாரோ ஊறுகாய் ஜாடியை இப்போதே கட்டி வைத்துவிட்டார்.