தயிர்க் கிருமியும் புற்றுநோயும்

பாலைத் தயிராக்கும் நுண்கிருமிகள் தேகத்திற்கு நன்மை செய்யக்கூடியவை என்று, பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்திலிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாப் 1907-ம் வருஷத்திலேயே எழுதினார். அவ்வெண்ணம் வளர்ந்து, இத்தகைய கிருமிகள் உண்டாக்கும் பொருள்கள் புற்றுநோயை எதிர்க்குமா என்ற கேள்வியாக இன்று நிற்கிறது. கேள்வி நியாயமானது. விடை கிடைக்கு முன்னரே அதை விலை கூறி விற்பது நியாயமன்று.

இதுவரை தெரிந்தது யாது? பாலில் வளரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற கிருமி நைஸின் என்னும் பொருளை உற்பத்தி செய்கிறது. 1928-ல் கண்டறியப்பட்ட இப்பொருள், உணவு கெடாதிருக்க நெடுநாளாக உபயோகப்பட்டு வருகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்ச் செல்களை அது அழிப்பதாகவும், சுண்டெலிகளிடம் கட்டியின் வளர்ச்சியைக் குறைப்பதாகவும் 2012-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பெருங்குடலில் வாழும் வேறு கிருமிகள், நாம் உண்ணும் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து பூட்டிரேட் என்பதைத் தருகின்றன. குடலின் ஆரோக்கியமான செல்கள் இதையே எரித்து வலிமை பெறுகின்றன. புற்றுநோய்ச் செல்களோ பெரும்பாலும் சர்க்கரையை எரிப்பவை. ஆகவே எரியாத பூட்டிரேட் அவற்றினுள் தேங்கி, அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கிறது. பரிசோதனைச் சாலையில் கண்ட உண்மை இது.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித தேகம் வேறு. தட்டிலே புற்றுச் செல்லைக் கொன்ற எத்தனையோ பொருள்கள் நோயாளியிடம் பயன்படாது போயின. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பற்றி 2021-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றவர்களுள் நார்ப்பொருள் மிகுந்த உணவு உண்டவர்கள் மேலான நிலையில் இருந்தனர். கடையில் விற்கும் கிருமி மாத்திரைகளோ அவ்வித நன்மை தரவில்லை. அம்மாத்திரைகளைப் பெற்ற சுண்டெலிகளிடம் சிகிச்சையின் பலன் குறையவே செய்தது. நல்ல கிருமி எனப் பெயர் பெற்றதெல்லாம் எந்நிலையிலும் நன்மையே செய்யும் என்று கொள்வதற்கில்லை.

நம் தேசத்தில் வாய்ப்புற்று ஏழை ஜனங்களைப் பெரிதும் வாட்டுகிறது. நைஸின் போன்றவற்றை மனிதரிடம் முறைப்படி பரிசோதித்தறியும் முயற்சிக்கு நம் ஸர்க்காரும் சர்வகலாசாலைகளும் தாராளமாகப் பொருளுதவி செய்தல் வேண்டும். அந்நியர் கண்டு சொல்லட்டும் என்று காத்திருப்பது நமக்கு அழகன்று. அதே சமயத்தில், புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது என்பதை அதிகாரிகள் மறத்தலாகாது. ஏட்டில் உறங்கும் சட்டம் எவரையும் காப்பாற்றாது.

தயிரும் கீரையும் தானியமும் நம் இலையில் தாராளமாக இருக்கட்டும். அவை உணவு, சிகிச்சை அல்ல. ஆரம்பத்திலேயே வைத்தியரிடம் சென்றால் பிழைக்கக் கூடியவர், பொய் மாத்திரையை நம்பி ஆறு மாதத்தை இழந்தால், அந்த ஆறு மாதத்தை அவருக்கு யார் திருப்பித் தருவர்?