மனநல சிகிச்சையில் இருப்பவர் நர்சிங் படிக்கலாமா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நர்சிங் படிப்பைத் தேடும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல உண்டு. அந்தப் பிள்ளைகளில் மனச்சோர்வுக்கோ, மனப்பதற்றத்துக்கோ, இருதுருவ மனநிலைக் கோளாறுக்கோ மருந்து சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டுதான். ஒன்று, "உனக்கு இது சரிவராது." மற்றொன்று, "மூச்சு விடாதே, சேர்ந்துவிடு." இரண்டுமே ஆபத்தானவை என்கிறோம் நாம்.

முதல் பதிலைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயையும் சேர்த்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. மனநலக் குறைபாடு கொண்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்து, பாகுபாட்டிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆகவே நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது நியாயமல்ல.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். டிப்ளமோ மூன்று ஆண்டுகள். வகுப்போடு வார்டு பயிற்சியும் உண்டு. வேலைக்குச் சேர்ந்தால் இரவுப் பணி வரும். இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும். சில மருந்துகள் காலையில் அசதியைத் தரும். மரணங்களை நேரில் பார்க்க வேண்டியிருக்கும். வீரியமான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மனம் திறந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது பதிலின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நோயை மறைப்பவர், விடுதியில் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று மருந்தை நிறுத்துகிறார். நோயை விட இந்த நிறுத்தமே பலரின் படிப்பைக் கெடுக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவர், வீட்டில் ஒருவர், கல்லூரியில் நம்பிக்கையான ஓர் ஆசிரியர் ஆகியோருக்குத் தெரிந்திருந்தால் போதும். கல்லூரி உடல்தகுதிச் சான்றிதழில் கேட்டால் பொய் எழுதக்கூடாது. "நோய் கட்டுப்பாட்டில் உள்ளது, படிக்கத் தகுதியானவர்" என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமே எழுதி வாங்கலாம்.

வளைகுடாக் கனவோடு கடன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் மனநோய், தகுதியின்மைக்கான காரணங்களில் ஒன்று. பிரிட்டனிலோ 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அங்குள்ள செவிலியர் பதிவு அமைப்பு, நோயின் பெயரை விட அவர் பாதுகாப்பாகப் பணிசெய்ய முடியுமா என்பதையே பார்க்கிறது. உள்நாட்டிலும் புறநோயாளிகள் பிரிவு, பள்ளி, சமூக நலம், கற்பித்தல் என இரவுப் பணி குறைவான வாய்ப்புகள் உண்டு.

எனவே சேருமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நோய் இப்போது நிலையாக இருக்கிறதா? இரவுப் பணியை இந்த உடல் தாங்குமா? நோய் திரும்பினால் முதல் அறிகுறி எது? பதில் சாதகமாக இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. அவசரத்துக்கு அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில், 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் செவிலியரை நாம் குறைசொல்வதில்லை. மனதுக்கு மாத்திரை சாப்பிடுபவரையும் அதே கண்ணோடு பார்க்கப் பெற்றோர் பழக வேண்டும்.