நடுவே ஒரு வெள்ளைக் கோடு

2024 நவம்பர் மாதத்தில் ஒருநாள், ரொறன்ரோவில் வசிக்கும் பள்ளிக்கால நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் காலமாகி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. முப்பத்தோராம் நாளன்று வெளியிடவிருந்த கல்வெட்டுக்காக எனக்கு இரண்டு படங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

ஒன்று தந்தையாருடையது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நடந்த சண்டையின்போது ஷெல் வீழ்ந்து அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. திருமணப் படங்கள் யாவும் 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வின்போது வீட்டோடு போயின. மற்றையது தாயாருடைய வண்ணப்படம். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் எடுத்தது. அதில் அவருக்கு வயது 75.

"மச்சான், ரெண்டு பேரும் ஒண்டா இருக்கிற மாதிரிச் செய்து தா. அம்மாவைக் கொஞ்சம் இளமையாக்கினாலும் பரவாயில்லை" என்றார் நண்பர்.

கேட்டதில் பிழையில்லை. செய்வதும் கடினமில்லை. போட்டோஷொப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் கத்தரிக்கோலும் பசையும் தூரிகையும் கொண்டு ஸ்ரூடியோக்காரர் நாட்கணக்கில் செய்த வேலையைப் பின்னர் கணினியில் சில நிமிடங்களில் முடிக்கக்கூடியதாயிற்று. இன்றோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முகத்தின் வயதையும் மாற்றித் தருகின்றன. எனினும் என் கை உடனே எழவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

1996ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கங்களை மேசையில் வைத்து ஒட்டும் காலம் அது. ஓர் இரவு, வெளிநாட்டு வேலை பெற்றுத் தருவதாகப் பணமோசடி செய்தவர் கைதான செய்தியும், ஓய்வுபெறும் ஆசிரியர் ஒருவருக்கு ஊரார் எடுத்த பாராட்டு விழாச் செய்தியும் ஒரே பக்கத்தில் அமைந்தன. இடம் போதவில்லை. இரண்டு படங்களையும் ஒரே உயரத்துக்கு வெட்டினேன். நடுவில் இருந்த கோட்டை எடுத்துவிட்டு அவற்றை நெருக்கி ஒட்டினேன். பக்கம் அழகாகவே வந்தது.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியர் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி காரியாலயத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, எழுத்து வாசிக்கிறவைக்கு விளங்கும். படம் மட்டும் பார்க்கிறவைக்கு?" என்று கேட்டார். சந்தையில் ஒருவர் அவரிடம், "மாஸ்டர், உங்களையும் பிடிச்சவங்களோ?" என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் எட்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டோம். படங்களோ நான்கு பத்தி அகலத்தில் வந்திருந்தன. எழுத்தில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. படங்கள் இரண்டும் உண்மையானவை. ஆனால் நான் அவற்றை நெருக்கி வைத்தபோது, அங்கே இல்லாத ஓர் உறவு உண்டாகிவிட்டது.

இவ்வாறான உறவை வேண்டுமென்றே உண்டாக்கியவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். 1950இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செனற் தேர்தல் நடந்தது. செனற்றர் மில்லார்ட் ரைடிங்ஸ் அதில் போட்டியிட்டார். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த ஏர்ல் பிரௌடரும் அவரும் நெருங்கிப் பேசிக்கொண்டிருப்பது போன்ற படமொன்று எதிரணியின் பிரசாரத் தாளில் வெளியாயிற்று. வெவ்வேறு சந்தர்ப்பங்களில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டிச் செய்தது அது. ரைடிங்ஸ் தோற்றார். தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆயினும் 1951இல் செனற்றின் உபகுழுவொன்று இந்தப் பிரசாரத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அது இணைக்கப்பட்ட படம் என்பது படத்தின் கீழ்க் குறிப்பிலேயே அச்சாகியிருந்தது. குறிப்பை வாசிக்கும் முன்னரே கண் தன் முடிவைச் செய்துவிடுகிறது. அந்த ஆசிரியர் என்னிடம் சொன்னதும் இதையேதான்.

2004இல் ஜோன் கெரி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது இதே வித்தை கணினியில் நடந்தது. 1971இல் கென் லைற் எடுத்த படத்தில் கெரி தனியாக நின்றார். நடிகை ஜேன் ஃபொண்டாவின் படம் 1972இல் வேறோர் இடத்தில் வேறொருவர் எடுத்தது. இரண்டையும் இணைத்து, போர் எதிர்ப்புக் கூட்டமொன்றில் இருவரும் ஒரே மேடையில் நிற்பதாகப் பரப்பினார்கள். கென் லைற்றிடம் மூலப்படம் இருந்தது. அதனால் உண்மை நிலைநாட்டப்பட்டது. மூலம் இல்லாத வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயினும் படங்களை அருகருகே வைப்பதையே நான் குறை சொல்லவில்லை. உண்மையைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல வழிகள் அதிகமில்லை. 1994 ஜூனில் ரைம், நியூஸ்வீக் ஆகிய இரு சஞ்சிகைகளும் ஓ. ஜே. சிம்ப்சனின் ஒரே பொலிஸ் படத்தை ஒரே வாரத்தில் அட்டையில் இட்டன. கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ரைம் அவருடைய முகத்தைக் கறுப்பாக்கியிருந்தது அதனால்தான் எல்லோருக்கும் தெரியவந்தது. ஒரு சஞ்சிகையை மட்டும் பார்த்திருந்தால் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்து நின்ற கோலத்தையும் இன்றைய வெள்ளைக் கட்டடத்தையும் அருகருகே பார்க்கும் பிள்ளைக்கு, நீண்ட கட்டுரையொன்று சொல்லாததும் விளங்கும்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? இடையில் உள்ள இடைவெளியில்தான். இடைவெளி இருந்தால் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிடுவார். இடைவெளியை அழித்துவிட்டால் இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தது என்று நம்புவார். முன்னது ஒப்பீடு. பின்னது, சொல்லாமற் செய்தால், சாட்சியத்தைப் புனைவது.

செய்முறையைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு படங்களையும் திறந்து, பெரியதைச் சிறியதன் உயரத்துக்குக் குறையுங்கள். சிறியதைப் பெருப்பித்தால் முகம் சிதையும். பின்னர் கன்வஸின் அகலத்தைக் கூட்டி மற்றைய படத்தை அதில் ஒட்டுங்கள். தலையின் உச்சியைப் பாராமல் கண்களை ஒரே மட்டத்தில் வையுங்கள். முகங்கள் ஒன்றையொன்று நோக்கவேண்டும் என்பதற்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பாதீர்கள். சேலைத் தலைப்பு வலத்தோளுக்குப் போய்விடும். சட்டைப் பை இடம் மாறும். வகிடும் மச்சமும் மாறும். பிள்ளைகள் அறிந்த முகம் அதுவாக இராது. வேண்டுமானால் படங்களை இடம் மாற்றி வையுங்கள். கடைசியாக, நடுவே ஒரு வெள்ளைக் கோடு விடுங்கள். கீழே ஒவ்வொன்றுக்கும் ஆண்டைப் போடுங்கள்.

நண்பருக்கும் அவ்வாறே செய்து அனுப்பினேன். இடப்பக்கத்தில் 41 வயதுக் கணவர். வலப்பக்கத்தில் 75 வயது மனைவி. அவர் உடனே அழைத்தார். "அம்மா அப்பாவுக்கு அம்மா மாதிரித் தெரியிறா, மச்சான்" என்றார். குரல் உடைந்திருந்தது.

உண்மைதான். அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கணவர் இறந்தபின் அந்தத் தாய் 37 ஆண்டுகள் வாழ்ந்தார். தையல் இயந்திரத்தை மிதித்து மூன்று பிள்ளைகளை வளர்த்ததும், இடப்பெயர்வில் அவர்களைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்ததும், பின்னர் பனி கொட்டும் நாட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும் அந்த ஆண்டுகளில்தான். அவரை இளமையாக்கிக் கணவரின் அருகில் அமர்த்தினால், அழகான படம் கிடைக்கும். அந்த 37 ஆண்டுகளும் அதில் இரா. கல்வெட்டு அந்த ஆண்டுகளைப் பற்றியது அல்லவா?

நண்பர் கேட்ட மறுகேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். "ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் ஒட்டிச் செய்த படம் தொங்கினது? அதெல்லாம் பொய்யா?" என்றார். பொய்யல்ல. அது ஒட்டிய படம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவரை இழந்த பெண்ணுக்கு அது ஓர் ஆறுதல். அதை யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் வளர்ந்தவர்கள் மறைந்தபின், படம் மட்டுமே மிஞ்சும். கல்வெட்டோ பல நாடுகளுக்குப் போகும். முகம் அறியாத கொள்ளுப்பேரன் ஒருவன் அதைத் திறப்பான். அவனுக்குச் சொல்ல அப்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். வீட்டுச் சுவருக்காக இணைத்துச் செய்ய விரும்பினால் செய்யுங்கள். பின்புறத்தில் அது இணைத்த படம் என்றும், செய்த ஆண்டையும் எழுதுங்கள். மூலப்படங்கள் இரண்டையும் வேறொரு கோப்பில் கட்டாயம் பேணுங்கள்.

கல்வெட்டு டிசம்பரில் அச்சாகி எனக்கும் ஒரு பிரதி வந்தது. நண்பர் வெள்ளைக் கோட்டை எடுக்கவில்லை. கீழே 1986 என்றும் 2023 என்றும் இருந்தன. தன் வீட்டுச் சுவருக்கு மகனைக் கொண்டு வேறொரு படம் செய்வித்ததாகவும் சொன்னார். அதன் பின்புறத்தில் எழுதினீரா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அடுத்த முறை பேசும்போதும் கேட்பேன்.