"நாலு ஸ்லாட் இருக்கு சார், அப்புறம் போட்டுக்கலாம்!"

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. பேங்க்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு என்னை எழுத வச்சது கோவம். பாதி கோவம் மதர்போர்டு செய்யறவங்க, விக்கிறவங்க மேல. மீதி என் மேலயே.

முதல்ல கதையைச் சொல்லிடறேன்.

பொண்ணு இங்க பெங்களூர்ல ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். அவளுக்கு 2023ல ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணலாம்னு எஸ்.பி. ரோடு போனோம். இந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு எஸ்.பி. ரோடு பத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்க்ரூவிலேர்ந்து சர்வர் வரைக்கும் அந்தச் சந்துகள்ல கிடைக்கும். கடைக்காரர் கன்னடம், ஹிந்தி, தமிழ் மூணையும் கலந்து அடிச்சார். பட்ஜெட்டுக்கு 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு, மொத்தம் 32 ஜிபி. "பின்னாடி பத்தலைன்னா?"ன்னு பொண்ணு கேட்டா. அதுக்கு வந்த பதில்தான் இந்தப் பதிவோட தலைப்பு. கூடவே "ஆகுத்தே சார், ஆகுத்தே"ன்னு ஒரு சிரிப்பு.

எனக்கு அது தேனா இனிச்சது. "அப்புறம் போட்டுக்கலாம்"ங்கறது நம்ம குடும்பங்களோட குலமந்திரம் ஆச்சே! கரூர்ல எங்க அப்பா கட்டின வீட்டு மொட்டை மாடியில பில்லர் கம்பி இன்னும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்குது. "பையன் தலையெடுத்ததும் மேல எடுத்துக்கலாம்"னு விட்டு வச்ச கம்பி. பையன் தலையெடுத்து, தலையில நரையும் எடுத்தாச்சு. போன தடவை ஊருக்குப் போனப்ப ஒரு எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. "அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது?"ன்னு கேட்டார். தரைத்தளத்துக்குத்தான்!

சரி, பொட்டிக்கு வருவோம். 2025 ஜூலையில தங்கமணியோட தம்பி நியூஜெர்சியிலேர்ந்து லீவுக்கு வந்தார். சாக்லேட்டு, பாதாம் வரிசையில இந்தத் தடவை இன்னொரு ஜோடி ரேம். அதே கம்பெனி, அதே மாடல் நம்பர். இங்க வாங்கறதை விடச் சில ஆயிரம் மிச்சம். மாட்டினோம். ஆன் பண்ணினா கும்மிருட்டு. சில நிமிஷம் கழிச்சுத் தானா உசிர் வந்து 64 ஜிபின்னு காட்டிச்சு. வீடே கைதட்டிச்சு.

ரெண்டு நாள் கழிச்சு முதல் நீலத்திரை. அப்புறம் வாரத்துக்கு மூணு. அப்புறம், சேமிச்சு வச்ச ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கலை. கடைக்காரர் "விண்டோஸ் ப்ராப்ளம் சார், ஃபார்மேட் பண்ணுங்க"ன்னார். ரெண்டு தடவை பண்ணினோம். மூணாவது தடவை "பவர் சப்ளை மாத்திப் பாருங்க". நான் என்ன பண்ணினேன்? பொண்ணைத் திட்டினேன். "கண்டதை எறக்கினா இப்படித்தான் ஆகும்"னு. அக்டோபர்ல ரிவ்யூ அன்னிக்கு, ரெண்டு வாரம் பழைய ஃபைலை வச்சுக்கிட்டுப் போய் நின்னா.

அன்னிக்கு ராத்திரி அவளே மெம்டெஸ்ட்86 போட்டு ஓட விட்டா. திரை முழுக்கச் சிவப்பு வரி. புதுசா போட்ட ரெண்டையும் கழட்டினா ஒரு தப்பு இல்லை. பழசைக் கழட்டிட்டுப் புதுசை மட்டும் போட்டா அதுலயும் இல்லை. நாலையும் போட்டு வேகத்தைக் குறைச்சா விடிய விடிய ஓடியும் சுத்தம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. மானிட்டரை மட்டும் என் பக்கம் திருப்பி வச்சா.

யோசிச்சுப் பாருங்க. நாலு ஸ்டிக்கும் நல்லது. போர்டு நல்லது. ப்ராசஸர் நல்லது. அப்புறம் தப்பு எங்க?

தப்பு அந்த வாக்குறுதியில. சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்ல மெமரிக்கு ரெண்டு சேனல்தான். நாலு ஸ்லாட்னா ஒரு சேனலுக்கு ரெண்டு ஸ்லாட், அதாவது ஒரே கம்பியில ரெண்டு பேர். இப்ப வர்ற போர்டுகள்ல பெரும்பாலும் அந்தக் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுட்டு அடுத்ததுல போய் முடியும். அதனாலதான் ரெண்டு ஸ்டிக் மட்டும் போட்டா ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடச் சொல்றாங்க. வழியில இன்னொரு ஸ்டிக் உக்கார்ந்தா சுமை கூடும், சிக்னல் அங்கங்க பட்டுத் திரும்பும். எதிரொலி அடிக்கிற கல்யாண மண்டபத்துல மைக் பிடிச்சுப் பேசின அனுபவம் இருக்கா? வேகமாப் பேசினா ஒரு வார்த்தை மேல இன்னொண்ணு ஏறி ஒண்ணும் புரியாது. நிறுத்தி நிதானமாப் பேசினாத்தான் கடைசி வரிசைக்குக் கேக்கும். நாலு ஸ்டிக் கதையும் அதேதான். நிதானமாப் பேசணும்.

எவ்வளவு நிதானமா? நானா சொல்லலை, ப்ராசஸர் செய்யறவங்க கணக்கையே பாருங்க.

டிடிஆர்4 காலத்துல, ஏஎம்டி ரைசன் 5000 வரிசைக்கு ரெண்டு ஸ்டிக்னா 3200. நாலு போட்டா 2933, இரட்டை ரேங்க் ஸ்டிக்கா இருந்தா 2667. கொஞ்சம்தான் இறக்கம். அதனாலதான் நம்ம "அப்புறம் போட்டுக்கலாம்" அப்போ பலிச்சது. 2022ல வந்த ரைசன் 7000ல, டிடிஆர்5, ரெண்டு ஸ்டிக்னா 5200. நாலுன்னா 3600! கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி. அடுத்து வந்த 9000 வரிசையில ரெண்டுக்கு 5600 ஆச்சு, நாலுக்கு அதே 3600தான்.

இன்டெல் மட்டும் என்ன? 2021 நவம்பர்ல வந்த 12ஆம் தலைமுறையில, சேனலுக்கு ஒரே ஸ்லாட் உள்ள போர்டுல 4800. சேனலுக்கு ரெண்டு ஸ்லாட் இருந்தா, அதுல ஒண்ணு காலியாக் கிடந்தாலும், 4400. ரெண்டையும் நிரப்பினா 4000, இரட்டை ரேங்க்னா 3600. காலி ஸ்லாட்டுக்கும் வாடகை கட்டுறோம் சாமி!

இப்ப மதர்போர்டு விளம்பரத்தைப் பாருங்க. கொட்டை எழுத்துல 8000, பக்கத்துல ப்ளஸ், அடைப்புக்குறிக்குள்ள ஓசி. இந்த ஓசி நம்மூர் ஓசி இல்லை, ஓவர்க்ளாக். அந்த எண் ரெண்டே ஸ்டிக்குக்கு, அதுவும் ஒற்றை ரேங்க் ஸ்டிக்குக்குத்தான். நாலு போட்டா எவ்வளவுன்னு சில கம்பெனிகள் தங்களோட இணையதளத்துல பொடி எழுத்துல போடறாங்க. அது வரைக்கும் போய்த் தேடிப் படிக்கிறவங்க எத்தனை பேர்? ரேம் டப்பா மேல இருக்கிற 6000மும் அப்படித்தான். எக்ஸ்எம்பி, எக்ஸ்போன்னு என்ன பேர் வச்சாலும் அது ஓவர்க்ளாக்தான். "டிடிஆர்5லயே ஈசிசி இருக்கு சார், தப்பே வராது"ன்னு ஒரு வசனம் வேற. அது சிப்புக்கு உள்ள நடக்கிற தப்பை மட்டும் திருத்தும். சிப்புக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல ஓடுற கம்பியில வர்ற தப்பை அது பார்க்கவே பார்க்காது. நம்ம தப்பு நடந்ததே அந்தக் கம்பியிலதான்.

நான் பி.காம். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, சின்ன எழுத்து தெரியும். வட்டி விகிதத்தைப் பெருசாப் போட்டு, செலவுகளை நட்சத்திரக் குறிக்குக் கீழ ஒளிச்சு வைக்கிற வித்தை எங்க தொழில்லயும் இருந்தது. அதனாலதான் ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1லேர்ந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை கட்டாயம்னு சொல்லிடுச்சு. எல்லாச் செலவையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எவ்வளவு ஆகுதுன்னு கடன் வாங்கறவருக்குப் புரியற மாதிரிக் குடுத்தாகணும். அதே ஒரு தாளைத்தான் மதர்போர்டு டப்பாவுக்கும் கேக்கறேன். "ரெண்டு ஸ்டிக்னா இவ்வளவு, நாலு ஸ்டிக்னா இவ்வளவு." ரெண்டே வரி. இதை அச்சடிக்க என்ன கேடு? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985ல கடை விரிச்ச ஊர் இது. ஏஎம்டி தன்னோட மிகப் பெரிய டிசைன் சென்டரை 2023 நவம்பர்ல இங்கதான் திறந்துச்சு. சிப்பு வரைஞ்சு உலகத்துக்கே அனுப்புற ஊர்ல, எஸ்.பி. ரோட்டுல நிக்கிற அப்பனுக்கு அந்த ரெண்டு வரி கிடைக்கலை.

"எனக்கு நாலும் 6000ல ஓடுதே"ன்னு சிலர் வருவீங்க. ஓடலாம். பயாஸ் அப்டேட் வர வர நிலைமை தேறவும் செய்யுது. ஆனா ஓடுதுங்கறது வேற, கணக்கு டேலி ஆகுதுங்கறது வேற. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க கிளைக்கு கோர் பேங்கிங் வரலை. ஒரு ரூபா இடிச்சாலும் கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போக முடியாது. இடிக்கிற கணக்கைக் கூடத் தேடிப் பிடிச்சிடலாம். இடிக்காம தப்பா நிக்கிற கணக்குதான் ஆளைக் கவுக்கும். மெமரி தப்பு அந்த வகை. 2003ல பெல்ஜியத்துல ஸ்கார்பேக் ஊர்த் தேர்தல்ல ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலா விழுந்துச்சு. 4096ங்கறது ரெண்டோட பன்னிரண்டாம் அடுக்கு, அதாவது மெமரியில ஒரே ஒரு பிட் புரண்டா வர்ற எண். அவங்க சாய்ஸ் அதுதான்னு முடிவுக்கு வந்தாங்க. கூகுள் சர்வர்களை வச்சு 2009ல வந்த ஆய்வுல, வருஷத்துக்கு மூணுல ஒரு மெஷின் ஒரு மெமரி தப்பாவது பார்த்திருக்கு. திருத்திக்கிற வசதியுள்ள சர்வருக்கே அந்தக் கதி. நம்ம வீட்டுப் பொட்டியில தாத்தா பாட்டி போட்டோ, பசங்க ப்ராஜெக்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் ஒண்ணாக் கிடக்குது.

"3600 போதாதா, எதுக்கு வேகம்?"னு கேக்கறவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. மெமரி பத்தாம டிஸ்க்கைப் போட்டுத் தேய்க்கிறதை விட, மெதுவா ஓடுற 64 ஜிபி எவ்வளவோ தேவலை. என் சண்டை, 6000னு சொல்லி வித்துட்டு 3600 குடுக்கறதோடதான்.

சரி, என்னதான் செய்யணும்?

ஒண்ணு. எவ்வளவு வேணும்னு முதல்லயே முடிவு பண்ணி, ரெண்டே ஸ்டிக்ல வாங்குங்க. 64 வேணுமா, 32 ரெண்டு. 96க்கு 48 ரெண்டு. 64 ஜிபி ஸ்டிக்கும் 2025ல வந்தாச்சு, அதனால 128 கூட ரெண்டு ஸ்டிக்ல முடியும். இதுக்கு ரெண்டு ஸ்லாட் போர்டே போதும். அதை மட்டமா நினைக்காதீங்க.

ரெண்டு. பின்னாடி பத்தலைன்னா பழைய ஜோடியை வித்துட்டுப் பெரிய ஜோடி வாங்குங்க. 2025 கடைசியில ஏஐ சர்வர்களுக்குச் சரக்கு போய் ரேம் விலை எகிறினப்போ, பழசுக்கே நல்ல விலை கிடைச்சது. விலை ஏறினா "இப்ப ஒரு ஜோடி, அப்புறம் ஒரு ஜோடி" ஆசை இன்னும் கூடும். ஏமாந்துடாதீங்க.

மூணு. நாலும் நிரப்பியே ஆகணும்னா, போர்டோட மெமரி பட்டியல்ல நீங்க வாங்கப்போற மாடலுக்கு நாலு ஸ்டிக் போட்டுச் சோதிச்சதா இருக்கான்னு பாருங்க. நாலும் ஒரே டப்பாவுல வந்ததா வாங்குங்க. மாடல் நம்பர் ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்கிற சிப்பு வேற வேறயா இருக்கலாம். வெளிநாட்டுலேர்ந்து வர்ற மாமா, சித்தப்பாகிட்ட இன்னொரு ஜோடி வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க. சாக்லேட்டு போதும்.

நாலு. பயாஸை அப்டேட் பண்ணுங்க. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ரெண்டையும் அணைச்சு, ப்ராசஸர் கம்பெனி சொன்ன வேகத்துலயே வைங்க. முதல் தடவை கும்மிருட்டா இருந்தா பதறாதீங்க, மெமரியைப் பழக்கிக்கிட்டிருக்கு. அப்புறம் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி பூரா ஓட விடுங்க. இலவசப் பதிப்புலயே நாலு சுற்று ஓடும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தப்புதான். ஒண்ணுதானேன்னு விடாதீங்க.

அஞ்சு. பொழைப்பே இதுலதான்னா, நாலு சேனல் உள்ள த்ரெட்ரிப்பர் மாதிரி வொர்க்ஸ்டேஷன் பக்கம் போங்க. அதுல நாலு ஸ்லாட்டுக்கும் தனித்தனிக் கம்பி, தப்பைத் திருத்துற ஈசிசி மெமரி. விலை கேட்டா மயக்கம் வரும், ஆனா அஸ்திவாரம் நாலு மாடிக்குப் போட்டது.

பொண்ணு பொட்டி இப்ப நாலு ஸ்டிக்கோட 3600ல நிதானமா ஓடுது. நீலத்திரை வந்து மாசக்கணக்காச்சு. நான் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா, நீயும் ஸ்பெக் படிக்காமதானே கையெழுத்து போட்டே"ன்னு சிரிச்சா. கடன் பத்திரம் நீட்டுறப்ப நான் கஸ்டமர்ஸ்கிட்ட தினமும் சொல்ற டயலாக், படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்கன்னு. எனக்கே திரும்பி வந்துடுச்சு.

டிஸ்கி: உங்க வீட்டுல பொட்டி அடிக்கடி படுத்தா, பசங்களைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விடுங்க. கரூர் வீட்டுக் கம்பியை அடுத்த லீவுல அறுத்துடலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க :-)